காரைக்குடி மாநகராட்சி ஆயிருச்சே, இனி ஃபயர் ஸ்டேஷன் மாநகராட்சி கைக்குப் போயிருமா? சென்னை மாதிரி பெரிய ஏணி வண்டி நமக்கும் வருமா?

போகாதுங்க. மும்பை, அகமதாபாத்ல எல்லாம் தீயணைப்பு மாநகராட்சிக்குக் கீழதான் இருக்கு, நம்ம தமிழ்நாட்டுல அப்படி இல்ல, இது மாநில அரசோட துறை, உள்துறைக்குக் கீழ வருது, 1985ல வந்த தீயணைப்புச் சட்டப்படி நடக்குது. 2024ல காரைக்குடி மாநகராட்சி ஆனதால ஸ்டேஷன் யாருக்குச் சொந்தம்ங்கறதுல ஒண்ணும் மாறல.

எங்க சித்தப்பா இந்தத் துறையில லீடிங் ஃபயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர், அவர்ட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் நிறைய. ஃபயர்மேன், லீடிங் ஃபயர்மேன், அதுக்கு மேல ஸ்டேஷன் ஆபிசர், அப்புறம் உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர், துணை இயக்குநர்னு போயி சென்னைல இயக்குநர்ட்ட முடியும். ஃபயர்மேன் வேலைக்கு போலீஸ் கான்ஸ்டபிளோட சேர்த்தே பரிட்சை வைக்கிறாங்க, மாவட்ட அலுவலர்னா குரூப் 1 எழுதணும். மாநிலத் துறையா இருக்கறதுல நமக்கு பெரிய நன்மை என்னன்னா, பக்கத்துல புதுவயல்ல ஒரு ரைஸ் மில் பத்திக்கிச்சுன்னு வைங்க, காரைக்குடி வண்டி பத்தலைன்னா தேவகோட்டை, திருப்பத்தூர்னு அடுத்தடுத்த ஸ்டேஷன்ல இருந்து கெளம்பிரும், யாரு எல்லைன்னு சண்டை கிடையாது. தீ மட்டும்னு நெனைக்காதீங்க, கெணத்துல விழுந்த மாட்டத் தூக்கறது, வீட்டுக்குள்ள வந்த பாம்பப் பிடிக்கறது, மரத்துல கட்டுன கதண்டு கூட்ட அழிக்கறதுன்னு எல்லாத்துக்கும் அவங்கதான் வர்றாங்க.

இப்ப வண்டிக்கு வர்றேன். வாட்டர் டெண்டர்ல, அதாவது வழக்கமா வர்ற தீயணைப்பு வண்டில, சுமார் 4,500 லிட்டர் தண்ணி இருக்கும். கேக்க நிறையாத் தோணும், ரெண்டு ஹோஸத் தொறந்து விட்டா பத்து நிமிஷத்துக்கே இழுத்துப் பிடிச்சாத்தான். ஒரு ஹோஸ் 15 மீட்டர் நீளம், ஒண்ணோட ஒண்ண மாட்டிக்கிட்டே போவாங்க. நம்ம செட்டிநாட்டு வீடு எப்படின்னு உங்களுக்கே தெரியும், முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு, நடுவுல வளவுங்கற முற்றம், ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு போயிக்கிட்டே இருக்கும், மேல பூரா பர்மா தேக்கு, அதுலயும் பாதி வீடு பூட்டிக் கெடக்கு. அடுப்படில தீன்னா வண்டி முன்வாசல்ல வந்து நின்னு என்ன பிரயோஜனம், அத்தன ஹோஸையும் உள்ள இழுக்கறதுக்குள்ள உத்தரத்துக்கு ஏறிரும். அதனால 101க்கோ 112க்கோ கூப்புடறப்ப தெருப் பேரோட நிக்காம எந்த வாசப் பக்கம் வரணும், பூட்டியிருந்தா சாவி யார்ட்ட இருக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க, இது ரொம்ப முக்கியம்.

ஏணி வண்டி கேட்டீங்க. சென்னைல இருக்கற ஸ்கைலிஃப்ட்ங்கற ஏணி வண்டி அம்பது மீட்டருக்கு மேல ஏறும், ஆனா அத நிறுத்தி நாலு பக்கமும் கால் ஊன அகலமான, கெட்டியான எடம் வேணும். ரெண்டு மாடி, மூணு மாடி ஊருக்கு அத விடத் தண்ணிதான் அவசரம்னு எனக்குத் தோணுது. டேங்க் காலியானா எங்க போயி நெரப்பறது? நம்ம ஊர்கள்ல அதுக்குன்னே அமைஞ்ச மாதிரி ஊருணி இருக்கு, சக்‌ஷன் ஹோஸ எறக்கி பம்பப் போட்டா உறிஞ்சிரும். ஆனா பம்புக்கும் தண்ணிமட்டத்துக்கும் ஒசரம் ஏழு மீட்டர் சுமாருக்கு மேல போனா உறிஞ்சாது, அதனால வண்டி கரை வரைக்கும் போயாகணும், போக முடியலைன்னா போர்ட்டபிள் பம்பக் கையில தூக்கிட்டு எறங்கணும். இங்க பல எடத்துல கரையச் சுத்தி சுவரு, பூட்டுன கேட்டு, இல்ல கடை வந்து அடைச்சுக் கெடக்கு, பாக்கவே வயிறு எரியுது.

மாநகராட்சிக்கு வேலை இருக்கறது இங்கதான். ஸ்டேஷன் அவங்க கையில இல்லாட்டியும் ஊருணியும் தெருவும் மேல்நிலைத் தொட்டியும் அவங்க பொறுப்புதானே. உங்க கவுன்சிலரப் பாத்தா ஊருணிக்கு ஒரு பக்கமாவது லாரி எறங்கற பாதையும், தொட்டிகிட்ட வண்டிக்குத் தண்ணி புடிக்க ஒரு வால்வும் கேளுங்க, எழுதியே குடுங்க.