பிசிஆர் பாசிட்டிவ், எலைசா நெகட்டிவ் என்றால் கிட்டில் கோளாறா?

எலைசாவில் நெகட்டிவ் ஆன பல மல மாதிரிகள் புது பிசிஆர் கிட்டில் (சோதனைப் பெட்டியில்) சி. டிஃபிசில் (வயிற்றுப்போக்கு உண்டாக்கும் குடல் பாக்டீரியா) பாசிட்டிவ் ஆவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு கிட்டை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டும் தேடுவது வேறு வேறு. எலைசா தேடுவது நச்சுப் புரதத்தை. பிசிஆர் தேடுவது அந்த நச்சுக்கான மரபணுவை. மரபணு உள்ள கிருமியைக் குடலில் சுமந்துகொண்டு நோயே இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, மாதிரி அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தாலே நச்சு சிதைந்து எலைசா கோட்டை விடலாம்.

ஆகவே எலைசாவை அளவுகோலாக வைப்பது சரியல்ல. வளர்ப்புச் சோதனை செய்யுங்கள், அதாவது மாதிரியிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பாருங்கள். மாதிரியை ஆல்கஹாலில் வைத்தால் மற்ற கிருமிகள் பெரும்பாலும் சாகும், சி. டிஃபிசிலின் ஸ்போர்கள் (கெட்டி ஓடு போர்த்திய உறங்குநிலை வடிவம்) தப்பும். ஆக்சிஜன் இல்லாமல் 48 மணி நேரம் வளர்த்துத் தட்டைத் திறந்தால் குதிரை லாய வாடை அடிக்கும்; புற ஊதா ஒளியில் காலனிகள் (தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டங்கள்) மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நச்சு சுரக்காத ரகத்துக்கும் அதே வாடைதான். காலனி நச்சு உண்டாக்குகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: முரண்பட்ட மாதிரிகளை மட்டும் வளர்ப்புக்கு அனுப்புவார்கள். அப்படிச் செய்தால் இரண்டு சோதனையும் சேர்ந்து தவறியவை வெளியே வராது, கிட்டின் துல்லிய மதிப்பெண் பொய்யாக உயரும். எல்லா மாதிரிகளையும் வளருங்கள். முடியாவிட்டால், ஒத்துப்போனவற்றிலிருந்தும் குலுக்கல் முறையில் சில எடுங்கள்.

அப்புறம், அந்த மாதிரிகளில் கெட்டியான மலம் எத்தனை, சிகிச்சை முடிந்தபின் எடுத்தவை எத்தனை என்று பதிவேட்டைப் புரட்டுங்கள். கெட்டியான மலம் என்றால் வயிற்றுப்போக்கே இல்லாமல் கிருமியைச் சுமப்பவருடையதாக இருக்கலாம். குணமான பிறகும் பிசிஆர் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம்.