எலிப்சோமீட்டர் என்றால் என்ன? தொடாமலே தடிமனை எப்படி அளக்கிறது?

சிலிக்கான் தகட்டின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலம். திருகு அளவியெல்லாம் இங்கே எடுபடாது. எலிப்சோமீட்டர் அதன்மேல் ஒளியைச் சாய்வாக அடித்து, திரும்பி வரும் ஒளியின் அதிர்வு எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கும்.

போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, வெயிலில் பளபளக்கும் ஈர ரோட்டைப் பாருங்கள். கூச்சம் குறையும். தலையை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்தால் மறுபடி கூசும். காரணம், ஒளி ஒரு அலை, அது பல திசைகளில் அதிரும்; போலராய்டு ஒரு திசை அதிர்வை மட்டும்தான் உள்ளே விடும். சாய்வாக வரும் ஒளியில் எல்லாத் திசை அதிர்வுகளையும் பரப்பு ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதில்லை. மெல்லிய படலம் இருந்தால், அதன் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் பட்டு வரும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, ஒரு திசை அதிர்வு மற்றதைவிடப் பின்தங்கிவிடும். அதிர்வின் நுனி நீள்வட்டம் (எலிப்ஸ்) வரையும். 1945-இல் விஞ்ஞானி அலெக்சாண்டர் ராதென் வைத்த பெயரும் அதிலிருந்துதான்.

பல கருவிகளில் போலராய்டு வடிகட்டி சுழன்றுகொண்டே இருக்கும். அதாவது, ஓயாமல் தலையைச் சாய்த்துப் பார்க்கும் வேலை. ஒரு சுற்றுக்கு ஒளி இரண்டு முறை கூடிக் குறையும். அந்த அலையின் உயரத்தையும் அது எந்த இடத்தில் உச்சம் தொடுகிறது என்பதையும் வைத்துக் கணினி நீள்வட்டத்தைக் கண்டுபிடிக்கிறது. இரண்டு திசை அதிர்வுகளின் விகிதத்தைத்தான் எடுப்பதால், விளக்கு கொஞ்சம் மங்கினாலும் பெரிதாகப் பாதிக்காது.

சரி, இது மைக்ராஸ்கோப் மாதிரி படலத்தைப் 'பார்த்து' அளப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தடிமன் அந்த நீள்வட்டத்திலிருந்து கணக்குப் போட்டு வருவது; படலம் எந்தப் பொருள் என்று தப்பாகக் கொடுத்தால், தசமப் புள்ளி வரை துல்லியமாகத் தப்பு விடைதான் வரும்.