இருபது கேஜும் கால் அங்குலமும் – கடிதம்

அன்புள்ள சார்,

பழைய கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். நான் விஸ்கான்சினில் வசிக்கிறேன், கிரீன் கார்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பிறகு, அவருடைய மகன் ஒரு வின்செஸ்டர் மாடல் 12 பம்ப் ஷாட்கன்னை (முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் ரவைத் துப்பாக்கி) எனக்கு விற்றார். குழல் அளவு 20 கேஜ். வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1920க்கு முந்தையது என்றார்கள். அந்தக் காலத்தில் சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை, இரண்டரை அங்குலம்தானாம். இங்கே கடையில் கிடைப்பதோ 2¾ அங்குலமும் 3 அங்குலமும்.

ஒரு 2¾ அங்குலத் தோட்டாவை வீட்டில் போட்டுப் பார்த்தேன். தடையில்லாமல் உள்ளே போனது, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டும் பூட்டிக்கொண்டது. அப்படியென்றால் சுடலாம்தானே? வாத்து வேட்டைக்குப் போகும் நண்பர்கள், "எதற்கு வம்பு, சேம்பரை 3 அங்குலத்துக்குக் கடைந்துவிடு, எல்லாவற்றுக்கும் ஆகும்" என்கிறார்கள். அதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியுமா?

இன்னொன்று. ஊரில் தாத்தாவின் இங்கிலீஷ் இரட்டைக்குழல் 12 போர் (12 கேஜ்தான்) ஒன்று சித்தப்பா பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. அதற்கும் இந்தச் சிக்கல் உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் ஒரு திட்டு. உயிருள்ள தோட்டாவை வீட்டுக்குள் வைத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். அதுவும் மாடல் 12இல். இந்தத் துப்பாக்கியில், விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே பம்பை முன்னே தள்ளினால் போல்ட் பூட்டிய கணத்தில் வெடித்துவிடும். பின்னால் வந்த ரெமிங்டன் 870 போன்றவற்றில் அதைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு, இதில் கிடையாது. சோதிக்க வேண்டுமானால் மருந்தில்லாத டம்மி தோட்டாக்கள் விற்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

சரி, உள்ளே போனதே, சுடலாமா? கூடாது. தோட்டாப் பெட்டியில் 2¾ என்று போட்டிருப்பது சுட்ட பிறகு இருக்கும் நீளம். சுடுவதற்கு முன் அதன் வாய் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருப்பதால், நீங்கள் கையில் எடுத்தது இரண்டரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு சமர்த்தாக உள்ளே போனது. சுட்டதும் அந்த மடிப்பு விரிகிறது. விரிய இடம் வேண்டும். சேம்பர் முடிந்ததும் குழல் கூம்பாகக் குறுகி அசல் உள்விட்டத்துக்கு வருகிறது. இரண்டரை அங்குல சேம்பரில் 2¾ தோட்டாவின் வாய் சரியாக அந்தக் கூம்புக்குள் போய் விரியும். குறுகலான சந்தில் குடையை விரிப்பது மாதிரி. ரவையும் அதன் பின்னாலிருக்கும் அடைப்பும் அந்த நெருக்கடிக்குள் பிதுங்கித்தான் வெளியேற வேண்டும். அழுத்தம் ஏறும்.

இதில் மோசமான விஷயம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதுதான். ஒரு தடவை சுட்டுப் பார்த்து, தோள் கொஞ்சம் அதிகமாக வலிக்கிறது, அவ்வளவுதானே என்று பெட்டி பெட்டியாகச் சுட்டவர்கள் இருக்கிறார்கள். நூறு வருடப் பழைய இரும்பு ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொள்ளும் அடி வெளியே தெரியாது. காலித் தோட்டாவின் வாய் கிழிந்தோ நைந்தோ வருகிறதென்றால் அது ஒரு அடையாளம். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்காகச் சுட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

சேம்பரைக் கடைவது பற்றி. இரண்டரையை 2¾ ஆக்குவது புதிதல்ல. வின்செஸ்டர் 1912இல் இந்த மாடலை முதலில் கொண்டுவந்ததே 20 கேஜில்தான், இரண்டரை அங்குல சேம்பரோடு. நாட்டில் 2¾ பொதுவான அளவாக ஆனதும் அந்தத் துப்பாக்கிகளில் பலவற்றை அப்போதே கடைந்துவிட்டார்கள். உங்களுடையதையும் பழைய சொந்தக்காரர் எவராவது எப்போதோ கடைந்திருக்கலாம். எனவே முதல் வேலை, ஒரு நல்ல கன்ஸ்மித்திடம் கொடுத்து சேம்பரை அளக்கச் சொல்வது. குழலில் பொறித்திருப்பதையோ, விற்றவர் சொன்னதையோ, நான் சொல்வதையோ நம்ப வேண்டாம். அதற்கென்று அளவுகோல் இருக்கிறது, சில நிமிட வேலை.

அளந்து இரண்டரைதான் என்று தெரிந்தால்? இங்கேதான் உங்கள் நண்பர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிரேக் ஆக்‌ஷன் எனும், நடுவில் மடித்துத் திறக்கும் இரட்டைக்குழலில் தோட்டாவைக் கையால் போட்டுக் கையால் எடுக்கிறோம், அங்கே சேம்பர் மட்டும்தான் கேள்வி. பம்ப் துப்பாக்கியில் தோட்டா ஒரு பயணம் போகிறது. அடியில் இருக்கும் மேகசின் குழாயிலிருந்து ஒவ்வொன்றாக விடுபட வேண்டும். தூக்கி என்கிற பாகம் அதைச் சாய்வாக மேலே ஏற்ற வேண்டும். போல்ட் அதை உள்ளே தள்ள வேண்டும். இந்த வேலை முழுவதும் சுடாத தோட்டாவின் நீளத்தைப் பொறுத்தது. சுட்ட பிறகோ, விரிந்து நீண்டுவிட்ட காலித் தோட்டா பின்னால் வந்து பக்கவாட்டுத் திறப்பின் வழியே வெளியே விழ வேண்டும். அந்தத் திறப்பின் நீளமும், தட்டி வெளியே தள்ளும் எஜெக்டரும் பழைய நீளத்துக்குச் செய்தவை. சேம்பரை மட்டும் கடைந்துவிட்டால் சுடும், துப்பாது. காலி பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக மாட்டிக்கொண்டு நிற்கும், அதன் மேல் அடுத்த தோட்டா ஏறப் பார்க்கும். மாடல் 12ஐப் பிரித்துக் கோர்த்துப் பழகியவர்கள் இதையெல்லாம் சேர்த்தே சரிசெய்வார்கள். மற்றவர்களிடம் கொடுக்காதீர்கள்.

கடைவதற்கு முன் குழலின் சுவர் கனத்தையும் அளக்க வேண்டும். உலோகத்தைச் சுரண்டுவது அழுத்தம் உச்சத்துக்குப் போகிற இடத்தின் பக்கத்தில். பிரிட்டனில் சேம்பரை நீட்டினால், மறுபடி லண்டன் அல்லது பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸுக்கு அனுப்பி, வழக்கத்தைவிடக் கனமான சோதனைத் தோட்டா சுட்டு முத்திரை வாங்காமல் விற்க முடியாது. 1868இலிருந்து சட்டம் அது. அமெரிக்காவில் அப்படி ஒரு அரசு முத்திரை கிடையாது, கடைந்தவரின் கண்ணும் கையும்தான் உத்தரவாதம். எனக்கு இந்த விஷயத்தில் பிரிட்டிஷ்காரர்களின் முறைதான் பிடித்திருக்கிறது.

3 அங்குலம்? வேண்டாம். 2¾க்கும் 3க்கும் 20 கேஜில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஒன்றுதான், சதுர அங்குலத்துக்கு 12,000 பவுண்டு, பிறகென்ன என்று வாதாடுவார்கள். எண் சரிதான். ஆனால் அது தோட்டாவுக்கு ஏற்ற சேம்பரில் அளந்த எண், இன்று செய்யும் குழல்களை மனதில் வைத்துப் போட்ட எல்லை. உங்கள் துப்பாக்கி 3 அங்குலத் தோட்டாவை மனதில் வைத்துச் செய்ததல்ல. வின்செஸ்டரே 1935இல் 3 அங்குலத் தோட்டா வேண்டும் என்று நினைத்தபோது, ஹெவி டக் கன் என்று கனமான தனித் துப்பாக்கியாக, 12 கேஜில் மட்டும் விற்றது. ரெமிங்டன் 870ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்க ஒரே துப்பாக்கி, ஆனால் 2¾ ரிசீவரும் (போல்ட் இயங்கும் உடல்பகுதி) 3 அங்குல மேக்னம் ரிசீவரும் வேறு, எஜெக்டர் வேறு. 3 அங்குலக் குழலை வாங்கி 2¾ ரிசீவரில் மாட்டினால் குழல் அழகாக உட்காரும், துப்பாக்கி 2¾ ஆகவேதான் இருக்கும்.

அதைவிட முக்கியம், அந்த நீளத் தோட்டாவுக்குள் இருப்பது. அமெரிக்காவில் 1991 முதல் வாத்து வேட்டைக்கு ஈய ரவை நாடு முழுக்கத் தடை. சதுப்பில் விழுந்த ரவையைக் கல்லென்று விழுங்கி வாத்துகள் ஈய விஷத்தால் செத்துக்கொண்டிருந்தன. எஃகு ரவை வந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு 7.8. லேசான ரவைக்கு அளவு பெரிதாக வேண்டும், பெரிய ரவைக்கு இடம் வேண்டும், அதனால் தோட்டா நீண்டது. 1988இல் மாஸ்பெர்க் நிறுவனம் மூன்றரை அங்குலத்துக்கு 835 என்ற பம்ப் துப்பாக்கியைக் கொண்டுவந்தது, ரெமிங்டன் பத்து வருடம் கழித்து சூப்பர் மேக்னத்தோடு பின்னால் வந்தது. ஆக, உங்கள் நண்பர்கள் சொல்கிற 3 அங்குலப் பெட்டியில் பெரும்பாலும் எஃகு இருக்கும். இறுக்கமான ஃபுல் சோக் (வாய்ப்பக்கத்துக் குறுகல்) உள்ள பழைய குழலில் எஃகு போனால் வாய்ப்பக்கம் வீங்கும், உள்ளே கீறும். சேம்பரை எவ்வளவு ஒழுங்காகக் கடைந்தாலும் இது மாறப்போவதில்லை.

நானாக இருந்தால் துப்பாக்கியை அப்படியே விட்டுவிடுவேன். 2½ அங்குல 20 கேஜ் தோட்டாவை இன்றும் சிறிய நிறுவனங்கள் செய்கின்றன, பழைய குழல்களுக்கென்று அழுத்தம் குறைத்து. பயிற்சிக்காகப் பறக்கவிடும் களிமண் தட்டு சுட அது தாராளம். வாத்துதான் சுட வேண்டுமென்றால் பிஸ்மத் ரவையில் தேடுங்கள். பழைய குழலைக் கெடுக்காது, எஃகைவிடக் கனம், விலைதான் கண்ணைக் கட்டும். அல்லது 3 அங்குலத்துக்கென்றே செய்த புதிய பம்ப் ஒன்றை வாங்கிவிடுங்கள். கடைகிற கூலியும் அலைச்சலும் சேர்ந்தால் பாதி விலைக்கு வந்துவிடும். கடையாத மாடல் 12க்கு சேகரிப்பவர்களிடம் இருக்கிற மதிப்பும் போகாது. ஒன்று மட்டும், 20 கேஜும் 12 கேஜும் ஒரே பையில் வேண்டாம். மஞ்சள் நிறத்தில் 20 கேஜ் வருவதே, அது 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய் நின்று, பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டுக் கைகளை இழந்தவர்களால்தான்.

கிரீன் கார்டு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. இதைப் படிக்கும் எச்1பி நண்பர்களுக்கு: தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதே பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கையில் தொடுங்கள்.

தாத்தாவின் துப்பாக்கிக்கும் இதே சிக்கல் உண்டு. பழைய இங்கிலீஷ் 12 போர்களில் நிறைய இரண்டரை அங்குலம்தான், அதாவது 65 மில்லிமீட்டர். குழல்களைக் கழற்றினால் அடியில் தட்டையான பகுதியில் ப்ரூஃப் முத்திரைகள் இருக்கும், சேம்பர் நீளமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். 70 மில்லிமீட்டர், அதாவது 2¾ அங்குலம் என்று போட்ட தோட்டாவை அதில் போட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். உள்ளூர் பட்டறையில் கடைவதெல்லாம் நினைத்தே பார்க்கக் கூடாது, இந்தியாவில் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கடையில் காட்டச் சொல்லுங்கள். நீங்களே நேரில் போய்ப் பார்ப்பதென்றால் தேர்தல் தேதியை விசாரித்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள், அந்தச் சமயத்தில் துப்பாக்கி பெரும்பாலும் வீட்டில் இருக்காது, போலீஸ் ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைத்திருக்கலாம்.