தக்காளிச் செடியில அடி இலையெல்லாம் புள்ளி விழுந்து காயுது, ரசாயனம் இல்லாம காப்பாத்த முடியுமா?

முடியும். ஆனா அது என்ன புள்ளின்னு முதல்ல பாருங்க. கேள்விய படிச்சா நீங்களும் என்னை மாதிரி ஏற்கனவே கைல வேப்பெண்ணெய் பாட்டிலோட நிக்கிற ஆளு மாதிரி தெரியுது, அதான் எழுதுறேன்.

என் கதை இது. 11 தொட்டி தக்காளி, முதல் காய் பட்டாணி சைஸ்ல இருந்தப்போ அடி இலைல பொடிப்பொடியா புள்ளி. சத்து பத்தலைன்னு நெனச்சு எப்சம் உப்பு கரைச்சு ஊத்துனேன், புள்ளி பாட்டுக்கு மேல ஏறுச்சு. சரின்னு வேப்பெண்ணெய கண்ணளவுல கலக்கி உச்சி வெயில்ல அடிச்சேன் பாருங்க, சாயங்காலம் நல்லா இருந்த இலையும் ஓரம் கருகி காகிதமா நொறுங்குது. நோய் கெடுத்தது பாதி, நான் கெடுத்தது பாதி.

அப்புறம்தான் லென்ஸ் வெச்சு பாத்தேன். வட்டமா 2-3 மில்லிமீட்டர், ஓரம் கரும்பழுப்பு, நடுவுல சாம்பல், அந்த சாம்பலுக்குள்ள மிளகுத்தூள் தூவுன மாதிரி கறுப்பு பொட்டு. இந்த பொட்டு இருந்தா செப்டோரியா பூஞ்சை. வித்து அதுக்குள்ளதான் இருக்கும், தண்ணி தெறிச்சா பக்கத்து இலைக்கு தாவிடும். புள்ளி பெருசா, வளையத்துக்குள்ள வளையமா, சுத்தி மஞ்சளா இருந்தா அது ஆல்டர்னேரியாங்கற வேற பூஞ்சை. எண்ணெய் பட்ட மாதிரி கறுத்து, காய்லயும் சொறி சொறியா வந்தா பாக்டீரியா. (அந்த லென்ஸ ஒரு வாரத்துல தரேன்னு சகலை வாங்கிட்டு போனாரு, ரெண்டு வருஷம் ஆச்சு. கேட்டா நான்தான் அல்பமாம். அதை விடுங்க.)

நான் செஞ்சது, புள்ளி விழுந்த அடி இலைய எல்லாம் காஞ்ச நேரமா பாத்து கிள்ளி, உரக்குழில போடாம வெளிய தள்ளுனேன். ஈரத்துல கிள்ளுனா நம்ம கையே பரப்பி விட்டுடும். மண்ணு மேல காஞ்ச சருகு மூடாக்கு, குச்சி நட்டு கட்டி காத்தோட்டம், தண்ணி காலைல வேர்ல மட்டும். இதுக்கு அப்புறம்தான் சூடோமோனாஸ், அதாவது பூஞ்சைய அடக்குற நல்ல பாக்டீரியா பொடி, லிட்டருக்கு 5 கிராம், வெயில் தாழ்ந்ததும் அடிச்சேன். இதோட பூஞ்சைக்கு அடிக்கிற காப்பர் (தாமிர) மருந்த கலந்துடாதீங்க, அந்த நல்ல பாக்டீரியாவே செத்துடும். இயற்கை முறைல காப்பருக்கு அனுமதி உண்டுதான், ஆனா அது உலோகம், அடிக்கடி அடிச்சா மண்ணுல தங்கும், அதனால நான் தொடல. காப்பர் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு சொல்ல ரெடியா இருக்கறவங்க மன்னிக்கணும், நான் தொட்டில வளக்குற ஆளு, ஏக்கர் கணக்குல பண்றவங்களுக்கு புத்தி சொல்ல வரல.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்குங்க, விழுந்த புள்ளி எதுக்கும் மறையாது. புது இலைல வரலைன்னா ஜெயிச்சாச்சு. எனக்கு 7 தொட்டி தேறுச்சு.

பக்கத்துல தானா முளைச்ச மணத்தக்காளி இருந்தா அதையும் புரட்டி பாருங்க, அதே குடும்பம், அதுலயும் இந்த பூஞ்சை தங்கும். என்னோடதுல இலைக்கு அடியில புள்ளி இருந்துச்சு, புடுங்கிட்டேன், அதுக்கு வீட்ல ரெண்டு நாள் யாரும் என்கிட்ட முகம் குடுத்து பேசல.