சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்): உங்கள் கேள்விகளுக்கு நுரையீரல் மருத்துவரின் பதில்கள்

என் அம்மாவுக்கு 62 வயது. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆனாலும் சிஓபிடி என்கிறார்கள். எப்படி வரும்?

அம்மா எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். காற்றோட்டமில்லாத சமையலறையில் விறகும் வறட்டியும் எரித்த புகை, வருடக்கணக்கில் உள்ளே போனால் மூச்சுக்குழாய்களைச் சுருக்கிவிடும். முன்பு டிபி வந்திருந்தாலும், மில்லிலோ கல்குவாரியிலோ தூசியில் வேலை பார்த்திருந்தாலும் வரலாம். இப்படிப்பட்ட பெண்களை "வயசாச்சு, மூச்சு இளைக்கத்தான் செய்யும்" என்று வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடைய வேண்டாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்ய வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவருவது 70 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அடைப்பு உறுதி.

அப்பா 40 வருடமாகப் பீடி பிடிக்கிறார். "இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்கிறார்.

போன நுரையீரல் திரும்பாது, உண்மைதான். ஆனால் விட்ட பிறகு, மிச்சமிருப்பது தேயும் வேகம் குறையும். எந்த மருந்தையும்விட இது பெரியது. தனியாக முடியவில்லை என்றால் 1800-112-356 என்ற இலவச எண்ணில் பேசச் சொல்லுங்கள்.

இன்ஹேலர் ஆரம்பித்தால் பழக்கமாகிவிடுமாமே? மாத்திரையே போதாதா டாக்டர்?

இந்தப் பயத்தாலேயே பலர் மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்தம் 100 மைக்ரோகிராம்தான், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் அவ்வளவே போதும். படபடப்பும் கை நடுக்கமும் குறைவு. இது போதை அல்ல. தினமும் தேவைப்படுவது நோய் நாள்பட்டது என்பதால்.

மருந்து வேலை செய்யவில்லை என்று வருபவர்களிடம் முதலில் எப்படி இழுக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். பவுடர் இன்ஹேலரின் கேப்ஸ்யூலைக் கருவியில் போடாமல் விழுங்குபவர்களும் உண்டு. முதலில் மூச்சை முழுதும் வெளியே விடுங்கள். அழுத்தும் வகை என்றால் மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பவுடர் என்றால் வேகமாக, ஆழமாக. பிறகு 10 நொடி அடக்குங்கள். கை ஒத்துழைக்காத பெரியவர்களுக்கு, அழுத்தும் இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் வாங்குங்கள். ஸ்டீராய்டு கலந்தது என்றால் கட்டாயம் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாய்ப்புண் வரும்.

நடந்தால் இளைக்கிறது. படுத்தே இருக்கட்டுமா?

கூடாது ஐயா. படுத்தால் கால் தசை கரையும், அடுத்த மாதம் இன்னும் இளைக்கும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தினமும் நடங்கள். மூச்சு வாங்கினால் நின்று, மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைக்கலாமா?

எல்லோருக்கும் தேவையில்லை. உடல் நிலையாக இருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் மருத்துவர் எழுதித் தருவார். அப்போது நாளைக்கு 15 மணி நேரமாவது வைக்க வேண்டும். இலக்கு 88 முதல் 92. நூறைத் தொடட்டும் என்று நீங்களாகக் கூட்டினால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். பக்கத்தில் விளக்கு, பீடி எதுவும் கூடாது.

எப்போது உடனே வர வேண்டும்?

சளி கூடி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், இளைப்பு வழக்கத்தைவிட அதிகரித்தால் அன்றே காட்டுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குழறித் தூங்கி வழிந்தாலோ 108-ஐ அழையுங்கள். வருடந்தோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்த நிலை வரும் வாய்ப்பு குறையும். நிமோனியா தடுப்பூசி பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.