குலசேகரம் பக்கம் ஒரே ஒரு ஃபைபர் இணைப்புதான். அரசு விலைக்கு வரம்பு வைக்க வேண்டுமா, சந்தைக்கே விட்டுவிடலாமா?

கேள்வி கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: ஊரில் ஒரே ஒரு கேபிள்காரர்தான் ஃபைபர் தருகிறார், அவர் வைத்ததுதான் விலை. அரசு விலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சிலரும், கட்டுப்பாடுகளை எடுத்தாலே போதும் என்று சிலரும் சொல்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தை வைத்தே விளக்க முடியுமா என்கிறார்.

விலை வரம்பு வைத்தால் இந்த மாத பில் குறையலாம். இரண்டாவது கேபிள் வராது. லாபம் குறைந்த ஊருக்குப் புதிதாக யார் கேபிள் இழுத்து வருவார்? சந்தைப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் எல்லோரும் "சட்டமே வேண்டாம்" என்பவர்கள் அல்ல. அவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது, இரண்டாவது ஆளைத் தடுப்பது எது என்பதைத்தான். அதைக் கேபிள் கட்டும் மின்கம்பத்திலிருந்தே, அதாவது போஸ்டிலிருந்தே தொடங்கலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து ஆற்றூர், திருவட்டாறு வழியாகக் குலசேகரத்துக்கு ஒருவர் ஃபைபர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. உள்சாலை பேரூராட்சியுடையது, அதைத் தாண்டினால் ஊராட்சி. பட்டணங்கால் மாதிரி ஒரு கால்வாயைக் கடந்தால் நீர்வளத் துறை. போஸ்ட் மின்வாரியத்துடையது. இப்படி ஒரே கேபிளுக்கு நாலைந்து அலுவலகம் ஏற வேண்டும். எங்காவது ஒரு கோப்பு நின்றாலும் மொத்த வழியும் நிற்கும். அனுமதி இல்லாமல் போஸ்டில் கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. லைன்மேன் வெட்டிவிட்டால் அவர்களால் புகார்கூடக் கொடுக்க முடியாது.

இதைச் சரிசெய்யத்தான் 2016இல் வழியுரிமை விதிகள், அதாவது சாலை, கம்பம் வழியாகக் கேபிள் கொண்டுபோகும் உரிமைக்கான விதிகள் வந்தன. நிலத்தடிக் கேபிளுக்கு நிர்வாகச் செலவாகக் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, 60 நாளில் பதில் இல்லையென்றால் அனுமதி தந்ததாகவே கொள்ளலாம் என்று அதில் இருந்தது. 2022 திருத்தம், தெருக்கம்பம் ஒன்றில் கேபிள் கட்ட ஆண்டுக்கு 100 ரூபாய் என்று நிர்ணயித்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. கவனித்தீர்களா, இவையும் கட்டுப்பாடுகள்தான். ஆனால் விற்பவரின் விலையில் கை வைக்காமல், உள்ளே நுழைய ஆகும் செலவைக் குறைக்கிற கட்டுப்பாடுகள். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. கெடு முடிந்துவிட்டது, இனி அனுமதி கிடைத்த மாதிரிதான் என்று நம்பிச் சாலையைத் தோண்டும் துணிச்சல் ஒரு சின்ன நிறுவனத்துக்கு இருக்குமா என்பது வேறு விஷயம்.

அடுத்தது கணக்கு. ஃபைபரில் தலைமுனைப் பெட்டியின் (கேபிள்காரர் பக்கம் இருப்பது) ஒரு போர்ட்டிலிருந்து போகும் ஒளியை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரிக்கிறார்கள். எட்டாகப் பிரித்தால் சுமார் 10 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) போகும். அதை இன்னொரு முறை எட்டாகப் பிரித்தால் 64 வீடு, 20 டெசிபலுக்கு மேல் இழப்பு. சாதாரணப் பெட்டியில் மொத்தம் 28 டெசிபல்தான் தாங்கும். மிச்சத்தை கிலோமீட்டருக்கு 0.35 வீதம் கேபிளும், ஒவ்வொரு ஜாயிண்டும், கனெக்டரும் தின்னும். ஐப்பசி இடிமழையில் ரப்பர் மரம் முறிந்து கேபிள் அறுந்து, அவசரத்தில் ஒட்டிய ஜாயிண்டுகள் நாலு சேர்ந்துவிட்டால் கடைசி வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்குதான், இணைப்பு வராது. வீடுகள் நெருங்கியிருக்கும் நாகர்கோவில் தெருவில் 64 இணைப்பும் நிரம்பிவிடும். தோட்டத்துக்குள் வீடு தள்ளித் தள்ளி இருக்கும் உங்கள் பக்கம் அதே கேபிள் நீளத்துக்குப் பாதி வீடுகூடக் கிடைக்காது, அதையும் இரண்டு பேர் பங்கு போட வேண்டும். ஆகவே இரண்டாவது ஆள் வராததற்கு முழுப் பழியையும் அரசின் மீது போடுவதில் நியாயமில்லை. சந்தை ஆதரவாளர்களில் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

உரிமம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருங்கிணைந்த உரிம முறையில் இணைய சேவைக்கு மூன்று வகை: ஏ வகை நாடு முழுவதற்கும், பி வகை ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் (பெரும்பாலும் ஒரு மாநிலம்), சி வகை ஒரு சிறு பகுதிக்கும். நம் மாவட்டம் நாகர்கோவில் பகுதிக்குள் வரும். சி வகைக்கு நுழைவுக் கட்டணம் 20,000 ரூபாய்தான், ஏ வகைக்கு 30 லட்சம். (புதிய சட்டத்தின் அங்கீகார முறைக்கு மாறும்போது தொகைகள் மாறும். விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.) அப்படியானால் நுழைவது எளிதுதானே என்று தோன்றும். சிக்கல் உரிமம் வாங்கிய பிறகுதான். காலாண்டுக்கு ஒருமுறை வருவாய்க் கணக்கு, தணிக்கை, 8 சதவீத உரிமக் கட்டணக் கணக்கு, தளங்களைத் தடுக்க வரும் உத்தரவுகள். ஒரு பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தால் எந்த நேரத்தில் எந்த போர்ட் எண் (அந்த முகவரிக்குள் வீடுகளைப் பிரித்தறியும் எண்) யாருடையது என்ற பதிவையும் வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பர் முதல் இந்தப் பதிவுகளை இரண்டு ஆண்டு காக்க வேண்டும். 2022 ஏப்ரல் உத்தரவுப்படி இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு சர்வரும் ஒரு ஆளும் தேவை. 50 லட்சம் வாடிக்கையாளர் உள்ளவருக்கு இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது, 500 பேர் உள்ளவருக்கு ஆளுக்கு விழும் பங்கு அதிகம். பெரிய நிறுவனங்கள் இத்தகைய விதிகளைப் பெரிதாக எதிர்க்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். அதனால்தான் உள்ளூர் கேபிள்காரர்கள் பெரும்பாலும் சொந்த உரிமத்துக்குப் போகாமல், பிஎஸ்என்எல் அல்லது வேறொரு பெரிய நிறுவனத்தின் பங்குதாரராக வருவாயைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

சரி, விலை வரம்பு. இதற்கு நம் வீட்டிலேயே சோதனை நடந்திருக்கிறது. கேபிள் டிவி, மொபைல் இரண்டையும் பார்ப்பது ஒரே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்தான், அதாவது டிராய். கேபிள் டிவியில் அது விலையை நிர்ணயித்தது. மொபைலில் 2000களின் தொடக்கத்திலிருந்து நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டது. 2019 பிப்ரவரியில் வந்த புது முறைப்படி 100 சேனலுக்கு 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம், அதற்கு வரி தனி. தொகுப்பில் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. நடந்தது என்ன? பெரிய சேனல்கள் பலவும் சரியாக 19 ரூபாய்க்கே விலை வைத்தன. விளவங்கோடு, கல்குளம் பக்கம் தமிழும் மலையாளமும் இரண்டும் பார்க்கிற வீடுகள் ஏராளம்; அவர்கள் இரண்டு தொகுப்பு வாங்க வேண்டியதாயிற்று. 2020இல் வரம்பை 12 ஆக்கினார்கள், 2022இல் மறுபடி 19. 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டண வரம்பையே எடுத்துவிட்டார்கள். மொபைலில் 1995இல் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை இருந்த கட்டணம், 2000களில் வரம்பு இல்லாமலே பைசாக் கணக்குக்கு இறங்கியது. வட்டத்துக்கு இரண்டு நிறுவனம்தான் என்ற விதி போய், மூன்றாவது, நான்காவது ஆள் வந்தது அதற்குப் பெரிய காரணம்.

ஆனால் அந்தக் கதையை அங்கேயே நிறுத்துவது நேர்மையல்ல. இப்போது தனியாரில் மூன்று நிறுவனம்தான் மிச்சம். 2024 ஜூலையில் மூன்றும் அடுத்தடுத்து விலையை ஏற்றின. விலைச் சுதந்திரம் இருந்தும் புது ஆள் வர வழி இல்லை. அந்த வழியை அடைத்ததில் அலைக்கற்றை (மொபைல் சேவைக்கு அரசு ஒதுக்கும் ரேடியோ அலைவரிசை) விலைக்குப் பெரிய பங்கு உண்டு.

அலைவரிசையை அரசு ஆள் பார்த்துக் கொடுப்பதற்குப் பதில் விற்றுவிடலாம் என்று பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் எழுதியது 1959இல். அமெரிக்கா ஏலத்தைத் தொடங்கியது 1994இல். இந்தியாவும் ஏலத்துக்கு வந்தது, ஆனால் அடிப்படை விலையை அரசே எழுதியது. 700 மெகாஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசையைப் பாருங்கள். 2016இல் நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்றார்கள், ஒருவரும் கேட்கவில்லை. 2021இல் 6,568 கோடி, அப்போதும் இல்லை. 2022இல் 3,927 கோடிக்கு இறக்கியபோது ஒரே ஒரு நிறுவனம் வாங்கியது. இடையில் ஆறு ஆண்டு அந்த அலை சும்மா கிடந்தது. தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், இலை, சுவர் எல்லாவற்றையும் ஓரளவு தாண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, குலசேகரம் என்று மலையும் ரப்பரும் கலந்த பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான அலை குறைவு. ஏலம் என்று பெயர் வைத்துவிட்டு விலையை மேசையில் உட்கார்ந்து எழுதினால் அது சந்தை ஆகாது.

வட்ட எல்லை இன்னொரு வேடிக்கை. உரிமமும் அலைக்கற்றையும் மாநில வாரியாக விற்கப்படுவதால் தொலைத்தொடர்புக்குக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை ஒரு எல்லைச் சாவடி. அலைக்கு அது தெரியாது. கொல்லங்கோடு, பளுகல் பக்கம் கேரள டவர் வந்து பிடிக்கும். ரோமிங்குக்குப் பணம் பிடித்த காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்தே ரோமிங் கட்டியவர்கள் இருந்தார்கள். நம்பரை மாற்றாமல் வட்டம் விட்டு வட்டம் மாறும் வசதி 2015 ஜூலையில்தான் வந்தது.

இணையச் சமநிலையை, அதாவது எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கையை, சுருக்கமாகச் சொல்கிறேன். சில தளங்களுக்கு மட்டும் இலவச டேட்டா தருவதை 2016 பிப்ரவரி 8இல் டிராய் தடை செய்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். சந்தை ஆதரவாளர்கள் இதில் இரண்டாகப் பிரிவார்கள். என் கருத்து, நாலு இணைப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிற ஊரில் இந்த விதி பெரிதாகத் தேவைப்படாது. உங்கள் ஊர் மாதிரி ஒரே இணைப்பு உள்ள இடத்தில் தேவை.

கடல் பக்கம் வந்தால் வாதம் இன்னும் கடினமாகிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் ஆழ்கடலுக்கு நாள்கணக்கில் போகிறவர்கள். படகில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோ நேர்ப்பார்வைத் தூரத்துக்குத்தான் பேசும். துரையா, இரிடியம் செயற்கைக்கோள் போன்களை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். அனுமதி பெற்று பிஎஸ்என்எல் வழியாக வரும் இன்மார்சாட் மட்டும்தான் வழி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூரத்தில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை சேரவில்லை என்பது இந்தக் கரைக்குத் தெரிந்த விஷயம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக் கவலை நியாயமானதுதான். ஆனால் பதிவு செய்த படகுக்குப் பதிவு செய்த கருவி என்று கொடுத்தால் கண்காணிப்பு எளிதாகுமே தவிரக் குறையாது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் (படகில் பொருத்தும் செயற்கைக்கோள் கருவி) அந்தத் திசையில் ஒரு படி. அதில் குறுஞ்செய்தி போகும், குரல் போகாது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில் ஊராட்சி அலுவலகத்தில் பாரத்நெட் (ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டம்) ஃபைபர் வந்து சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மாநிலத்தில் அதை டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் செய்கிறது, நம் மாவட்டத்தின் 95 ஊராட்சிகளும் அந்தத் திட்டத்துக்குள் வரும். அந்த முனை வேலை செய்தால் புதிதாக வருபவர் மார்த்தாண்டத்திலிருந்து இழுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன நாலைந்து அலுவலகத்தில் பாதி குறையும்.

இரண்டாவது, பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டம். 2020 டிசம்பரில் வந்த இந்த முறையில் ஒரு டீக்கடைகூட வைஃபை விற்கலாம். கடைக்காரருக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பதிவு செய்த ஒரு ஒருங்கிணைப்பாளரோடு சேர்ந்தால் போதும். ஒரு பிராட்பேண்ட் இணைப்பு, வெளியில் வைக்கக்கூடிய ஒரு அக்சஸ் பாயிண்ட், இடிக்குத் தாங்கும் எர்த், மின்சாரம் போனால் ஓட ஒரு சின்ன யுபிஎஸ். இங்கே வழக்கமாக இடறுவது ஒன்றுதான்: வீட்டு பிளானை மறுவிற்பனைக்குத் தர நிறுவனங்கள் மறுத்து, விலை கூடிய லீஸ்டு லைனை (நிறுவனங்களுக்கான தனி இணைப்பு) காட்டின. 2025 ஜூனில் டிராய், 200 எம்பிபிஎஸ் வரையுள்ள வீட்டு ஃபைபர் பிளான்களை இந்தக் கடைகளுக்கு இரட்டிப்பு விலைக்கு மேல் விற்கக் கூடாது என்றது. ஆமாம், இதுவும் விலை வரம்புதான். புதிதாக ஒருவர் உள்ளே வர உதவுகிற வரம்பு என்பதால் நான் இதை எதிர்க்க மாட்டேன். சந்தைக் கொள்கையில் ஊறிய நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, 5ஜி ஏர்ஃபைபர் (கேபிள் இல்லாமல் டவரிலிருந்து வரும் வீட்டு இணையம்) உங்கள் வீட்டுக்குக் கிடைக்கிறதா பாருங்கள். உங்கள் கேபிள்காரருக்குப் போட்டி இன்னொரு கேபிளாகத்தான் வர வேண்டும் என்றில்லை. ஆனால் தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து டவர் தெளிவாகத் தெரியும் நேரத்தில் வேகம் பார்த்து ஆண்டுக் கட்டணம் கட்டிவிடாதீர்கள். புது இலை முழுதாக விரிந்த பிறகு, மழை பெய்கிற ஒரு மாலையில் சோதித்துப் பாருங்கள். அப்போது கிடைக்கும் வேகத்தை வைத்து உங்கள் கேபிள்காரரிடம் விலை பேசுங்கள்.