பிளமெங்கோ கிற்றாருக்கு எந்த ஸ்ட்ரிங் செட் வாங்கலாம்? கடலோரத்தில் இருப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான்: அக்கரைப்பற்றில் இருக்கும் ஒருவருக்கு வெளிநாட்டு மாமா ஒரு யமஹா சிஜி182எஸ்எஃப் பிளமெங்கோ கிற்றாரை (ஸ்பெயினின் பிளமெங்கோ இசைக்கான கிற்றார்) கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் இருந்த தந்திகள் கறுத்துச் செத்துவிட்டன. கடையில் ஸ்டீல் செட்டை நீட்டுகிறார்கள், கூட்டாளி ஒருவர் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல், போடலாம் என்கிறார். எதை வாங்குவது?

ஸ்டீல் கதையை முதலில் முடித்துவிடுவோம். போடவே போடாதீர்கள். ஒரு நைலோன் செட்டில் ஆறு தந்தியும் சேர்ந்து கிட்டத்தட்ட 40 கிலோ இழுக்கும். லைட் என்று எழுதிய ஸ்டீல் செட்டே 70 கிலோவைத் தாண்டும். பிளமெங்கோ கிற்றாரின் முன்பலகை மெல்லியது, தந்தியைக் கட்டும் கட்டையான பிரிட்ஜ் வெறும் பசையில் நிற்கிறது. கொஞ்ச நாள் தாங்கும், பிறகு பிரிட்ஜ் பின்பக்கத்தால் கிளம்பிக்கொண்டு வரும். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. நம் பக்கத்தில் கிற்றார் என்றால் தேவாலயப் பாடற்குழுவிலும் பைலா பார்ட்டியிலும் காணும் ஸ்டீல் கிற்றார்தான். அவர் அதைத்தான் விற்கிறார்.

இனி நைலோன். என் பதில்: நோர்மல் டென்ஷன் (நடுத்தர இழுவை) செட் ஒன்றில் தொடங்குங்கள். ஹார்ட் என்றால் அதைவிடக் கூடிய இழுவை. பெட்டியில் பிளமெங்கோ என்று எழுதியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. டி'அட்டாரியோ புரோ ஆர்த்தே வரிசையில் ஈஜே45 நோர்மல், ஈஜே46 ஹார்ட். இரண்டுமே கிளாசிக்கல் என்ற பெயரில் வருபவை, இரண்டையும் பிளமெங்கோகாரர்கள் தாராளமாகப் போடுகிறார்கள். பிளமெங்கோ என்றே பெயரிட்டு வரும் செட்டுகளும் உண்டு. ஹன்னபாக் 827, லா பெல்லா 820, லூத்தியர் 20 எல்லாம் அந்த ரகம். நல்ல தந்திகள்தான். ஆனால் அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுத்து, கொழும்பிலிருந்து வர மாதக்கணக்கில் காத்திருக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. லா பெல்லாவின் சிவப்பு நைலோனும் கறுப்பு நைலோனும் மேடையில் வடிவாக இருக்கும். நிறத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

பிளமெங்கோ சத்தம் முதலில் கிற்றாரில் இருந்து வருகிறது. உங்கள் மொடலின் பின்பலகையும் பக்கங்களும் சைப்பிரஸ் மரம். அது இலேசானது, சத்தத்தைப் பிடித்து வைத்திருக்காது, அடித்ததும் பளிச்சென்று வந்து அடங்கிவிடும். அடுத்தது தந்தியின் உயரம். கிளாசிக்கல் கிற்றாரில் 12ஆம் பிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) மேலே மிகத் தடித்த ஆறாம் தந்தி ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கும். பிளமெங்கோவில் 3 மில்லிமீற்றர், சில வேளை அதற்கும் குறைவு. அந்தத் தாழ்வால்தான் வேகமாக வாசிக்கும்போது தந்தி பிரெட்டில் இலேசாக உரசி ஒரு கரகரப்புத் தருகிறது. அந்தக் கரகரப்பு பிளமெங்கோவுக்கு வேண்டும். தகரம் அதிர்வது போலச் சத்தம் வந்தால் மட்டும்தான் பிரச்சினை.

உயரத்தை அளக்க அளவுகோல் தேவையில்லை. ஏடிஎம் கார்டு ஒன்றின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். எழுத்துப் புடைக்காத தட்டையான கார்டுகள் நான்கை அடுக்கினால் 3 மில்லிமீற்றர் வந்துவிடும். கிற்றாரைச் சரியாக டியூன் பண்ணிவிட்டு, அந்த அடுக்கை 12ஆம் பிரெட்டின் மேல் வைத்து ஆறாம் தந்திக்குக் கீழே தள்ளிப் பாருங்கள். நான்கு கார்டு தந்தியைத் தூக்காமல் மட்டுமட்டாகப் போனால் உங்கள் கிற்றார் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மூன்றே இறுகினால் மிகத் தாழ்வு. அப்போது நோர்மல் தந்தி பலமாக அடிக்கும்போது பிரெட்டில் மோதும், ஹார்ட் பக்கம் போக வேண்டியிருக்கும். ஐந்து கார்டு இலகுவாகப் போகிறதென்றால் அது கிளாசிக்கல் உயரம். எந்தத் தந்தி போட்டாலும் அதில் பிளமெங்கோ வராது, முதலில் பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு துண்டான சாடிலைத் தேய்த்துத் தாழ்த்துங்கள்.

ஹார்ட் தந்தி ஏன் மோதாது என்றால், அது இறுக்கமாக இருப்பதால் அடித்தபோது ஆடும் அகலம் குறைவு. நோர்மலுக்கும் ஹார்டுக்கும் மொத்த இழுவையில் வித்தியாசம் இரண்டு மூன்று கிலோதான். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் இடது கையால் பார் கோர்ட் (ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் குறுக்கே அழுத்துவது) பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் வாசித்தால் பெருவிரலடியில் தெரிந்துவிடும். வலது கையிலும் கதை வேறு. பிக்காடோ என்று ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஓடும் ஓட்டத்துக்கு ஹார்ட் தந்தி விரலைத் திருப்பித் தள்ளுவது உதவியாக இருக்கும். பெருவிரலால் மேலும் கீழும் அடிக்கும் அல்சாபுவாவுக்கு எனக்கு நோர்மல்தான் பிடிக்கும்.

இதில் உங்கள் கை எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் பழகிய கை பலமாக அடிக்கும். மட்டக்களப்பு டச்பார் பக்கத்தில் பறங்கியர் கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ரஸ்கியாடோவில் விரல்களை விசிறுவது அவ்வளவு அந்நியமாகவும் இராது. அப்படியான கை என்றால் நோர்மல் செட் முடிந்ததும் ஹார்ட் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். இரண்டாம் மூன்றாம் பிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்தும் கவ்வி) போட்டே எப்போதும் வாசிப்பவர்களுக்கும் அதே யோசனைதான். கேப்போ போட்டால் தந்தி இன்னும் தாழ்ந்து நிற்கும்.

ஸ்பெயின்காரர்களும் அமெரிக்கர்களும் எழுதும் குறிப்புகளில் நம் காற்றைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நவம்பரில் இருந்து மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து முன்பலகை உப்பும், தந்தி மேலே ஏறும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் முழுக்கக் காய்ந்து பலகை இறங்கும், அதே தந்தி அதே கிற்றாரில் பிரெட்டைத் தட்டத் தொடங்கும். எனவே ஜூலையில் உரசுகிறது என்று அவசரப்பட்டுச் சாடிலை மாற்றவோ ஹார்ட் செட் வாங்கவோ வேண்டாம். மார்கழியில் அதுவே பொருத்தமாக இருக்கும். கார்டுச் சோதனையை இரண்டு பருவத்திலும் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உப்புக் காற்றின் முழுக் கோபமும் பேஸ் தந்திகளின் மேல்தான். நாலு, ஐந்து, ஆறு மூன்றிலும் உள்ளே மெல்லிய நைலோன் நூல்களின் கட்டு, அதன் மேல் வெள்ளி முலாம் பூசிய செப்புக் கம்பிச் சுற்று. முலாம் தேய்ந்த இடத்தில் செம்பு வெளியே வரும், வியர்வையும் உப்பும் சேர்ந்து அதைக் கறுப்பாக்கும், சத்தம் பெட்டிக்குள் போர்வை போட்டது மாதிரி மங்கும். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் கடலுக்கு நேரே இருக்கும் வீட்டில் சுவரில் மாட்டி வைத்த கிற்றாரில் பேஸ் எவ்வளவு சீக்கிரம் போகும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வாசித்து முடிந்ததும் பழைய சாரத் துணி ஒன்றால் தந்தியின் மேலும் கீழும் பிடித்துத் துடைத்து, கிற்றாரைப் பெட்டிக்குள் வையுங்கள். இவ்வளவு செய்தாலே பேஸின் ஆயுள் கணிசமாகக் கூடும். சிலர் ஸ்டீல் கம்பியைக் கொதிக்க வைத்து எடுப்பார்கள். இதற்கு அந்த வைத்தியம் வேண்டாம், உள்ளே இருப்பது நைலோன் நூல்.

மூன்றிலும் முதலில் அறுவது நாலாம் தந்தி, டி. அதன் சுற்றுக் கம்பிதான் மிக மெல்லியது. கழுத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரண்டாம் பிரெட்டுக்கு நேரே தந்தியின் அடியில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருக்கும். இன்னும் கொஞ்ச நாளில் அந்த இடத்தில் சுற்று விலகி உள்ளே வெள்ளை நூல் தெரியும். பள்ளம் விழத் தொடங்கும்போதே தந்தியைத் தளர்த்தி, டியூனிங் கீயில் சுற்றியதில் கொஞ்சத்தை விட்டோ கூட்டியோ திரும்ப இழுத்தால் பள்ளம் பிரெட்டை விட்டு நகர்ந்துவிடும். அந்த டி இன்னும் கொஞ்சக் காலம் உழைக்கும். தனி டி தந்தியும் விற்கிறார்கள். யாராவது கொழும்பில் இருந்து வரும்போது முழு செட்டோடு ஒன்றிரண்டு டி தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்றாம் தந்திகளான வெறும் நைலோன் மூன்றும் பேஸ் மாதிரிச் சாவதில்லை. பேஸ் இரண்டு தரம் மாறும்வரை அவற்றை வைத்துக்கொள்ளலாம். அதில் மூன்றாம் தந்தி, ஜி, ஒன்றுதான் தொல்லை. நைலோனில் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, தட்டினால் மந்தமாக ஒரு 'தொப்' வரும். கார்பன் என்று சொல்லப்படும் புளோரோகார்பன் தந்தி நைலோனை விட அடர்த்தி கூடியது, ஆகவே அதே சுரத்துக்கு மெல்லியதாக இருந்தால் போதும், சத்தமும் கூர்மை. இன்னொரு நன்மை நமக்கு முக்கியம்: நைலோன் ஈரத்தை உறிஞ்சும், கார்பன் அநேகமாக உறிஞ்சாது, மழைக்காலத்தில் டியூன் நிற்கும். ஆனால் மூன்றையும் கார்பனாகப் போட்டால் சைப்பிரஸ் கிற்றாரில் ஒன்றாம் தந்தி காதைக் குத்தும் என்பது என் அபிப்பிராயம். ஜி மட்டும் கார்பன், மற்ற இரண்டும் நைலோன். எனக்குப் பிடித்த கலவை அது.

இனி உங்கள் கூட்டாளியின் தங்கூசி. சிரிக்க வேண்டாம், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1940களில் நியூயோர்க்கில் கிற்றார் செய்பவரான அல்பேர்ட் ஒகஸ்டீன், ஸ்பெயினின் கிளாசிக்கல் கிற்றார் கலைஞர் செகோவியாவின் ஊக்கத்தோடு நைலோனில் தந்தி செய்யத் தொடங்கியபோது, அதுவரை கிற்றாரில் இருந்தது குடல் நரம்பு. போர்க்காலத்தில் அது கிடைப்பது அரிதாகிவிட்டது. அதன் பிறகு கிற்றாருக்கு வந்த கார்பனும் மீன்பிடி நூலுக்காகச் செய்யப்பட்ட பொருள்தான். ஒன்றாம் தந்தியின் தடிப்பு 0.71 மில்லிமீற்றர். 0.70 தங்கூசி நம் கரையோரக் கடைகளில் தேடினால் கிடைக்கும். நாளைக்கு நிகழ்ச்சி, இன்று முதல் தந்தி அறுந்துவிட்டது என்றால் தாராளமாகப் போடுங்கள்.

நிரந்தரமாக வைத்திருக்க மட்டும் வேண்டாம். மீன் இழுக்கும்போது அறாமல் இருக்க தங்கூசி நீளும், கிற்றாரிலும் நீண்டுகொண்டே போய் சுரம் இறங்கும். நீளம் முழுக்க ஒரே தடிப்பு என்ற உத்தரவாதமும் இல்லை. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: 12ஆம் பிரெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு ஹார்மோனிக் எடுங்கள், பிறகு அதே பிரெட்டை அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். தங்கூசியில் அநேகமாக இராது. காசு கொடுத்து வாங்கிய தந்தியிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஒரு செட்டில் ஒரு தந்தி பிழையாக வருவது உண்டு.

கட்டும்போது ஒரு கவனம். பிரிட்ஜில் பேஸுக்கு ஒரு சுற்றுப் போதும். நைலோனுக்கும் கார்பனுக்கும் வாலை அதன் தந்திக்கு அடியில் மூன்று முறை சுற்றுங்கள், கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின்விளிம்பைத் தாண்டி அடியில் பிடிபட வேண்டும். மேலேயே விட்டால் முடிச்சு வழுகும். ஒன்றாம் தந்தி வழுகினால் அதன் நுனி சாட்டையாக அடித்து முன்பலகையைக் குத்தும். பழைய கிற்றார்களில் பிரிட்ஜுக்குப் பின்னால் நகம் பட்டது மாதிரிச் சிறு குழிகள் பார்த்திருப்பீர்கள், அவை அப்படி வந்தவைதான். பிளமெங்கோ கிற்றாரில் தட்டுவதற்காக ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகடு அந்த இடத்தை மூடாது. கட்டுவதற்கு முன் ஒன்றாம் தந்தியின் நுனியை, கிற்றாரை விட்டுத் தள்ளி நின்று, லைட்டரில் காட்டி ஒரு சிறு மணியாக உருக்கிக்கொண்டால் பயம் இல்லை.

புதுத் தந்தி இரண்டு மூன்று நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். எங்காவது வாசிக்கப் போவதென்றால் முதல் நாள் இரவு மாற்றாதீர்கள்.

வாங்கும்போது பேஸ் மூன்றும் காற்றுப் புகாத உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கடதாசி உறையில் நெடுங்காலம் கடையில் கிடந்த செட் என்றால் நாலாம் தந்தியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் அது எந்தக் கம்பனியாக இருந்தாலும் வேண்டாம். சவரேஸ், ஹன்னபாக் இரண்டிலும் சிவப்பு நடுத்தர இழுவை, நீலம் கூடிய இழுவை. நீங்கள் சிவப்பை எடுங்கள். டி'அட்டாரியோ என்றால் ஈஜே45. மாமா திரும்ப வருவதாக இருந்தால் இரண்டு செட்டும், கார்பன் ஜி ஒன்றும், தனி டி இரண்டும் என்று எழுதி அனுப்புங்கள். பையில் ஒரு மூலையில் வந்துவிடும்.